தண்ணீர் ஏறும்வரை

செல்லக்கண்ணு என்று பெயர் வைத்தவர்கள் அவனைத் தொட்டிலில் பார்த்துத்தான் வைத்திருக்க வேண்டும். ஆள் ஆறடி. கதவு நிலையில் குனிந்துதான் நுழைவான். மீசை மட்டும் கால் ராத்தல் தேறும் என்று சிங்கப்பூரின் ஜாலான் புசார் தெருவில் கேலி பேசுவார்கள். அவன் சிரித்துவிட்டுப் போய்விடுவான். பேச்சு ரொம்பக் குறைவு. அவன் வாயிலிருந்து ஒரு விஷயத்தைப் பிடுங்குவதைவிடச் சுவரில் அறைந்த ஆணியைப் பிடுங்குவது சுலபம் என்று அவனுடைய முதலாளி ஒலி முகம்மதுவே சொல்லுவார். ஆணி விற்கிறவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

ஒலி முகம்மதுவுக்கு ஜாலான் புசாரில் இரும்புச் சாமான் கடை. கடைக்கு ஒரு லேண்ட் ரோவர் இருந்தது. பட்டாளம் ஏலம் விட்ட வண்டி. பச்சை நிறத்தைக்கூட மாற்றாமல் வைத்திருந்தார். கம்பியும் ஆணிமூட்டையும் ஏற்றிக்கொண்டு, வீடு கட்டுகிற இடங்களுக்குச் சேற்றிலும் மேட்டிலும் போய்வர அதுதான் தோது. சிவப்புக் குமிழ் வைத்த குட்டி கியரைப் பின்னால் இழுத்துவிட்டால் நாலு சக்கரமும் சேர்ந்து மண்ணைப் பிடித்துக்கொண்டு ஏறும். அந்த வண்டிக்குச் செல்லக்கண்ணுதான் டிரைவர். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய முதுகு ஒரு நாள் டிரைவர் சீட்டில் சாயும் என்று அவன் கனவிலும் நினைத்ததில்லை. அந்தச் சீட்டை அவன் தினமும் இரண்டு தடவை துடைப்பான்.

அவன் சிங்கப்பூருக்குக் கப்பல் ஏறியது ஐம்பதாம் வருஷம். அப்போது மனைவி பூவம்மாவுக்கு வயிற்றில் மூன்று மாதம். தஞ்சோங் பகார் துறைமுகத்தில் வேலை, அங்கேயே கூலிக்காரர்களோடு கூட்டமாக ஒரு தங்கல். பெண் குழந்தை பிறந்திருக்கிறது, சந்திரமதி என்று பெயர் வைத்திருக்கிறோம் என்று ஊரிலிருந்து சேதி வந்தது. அன்றிலிருந்து தனி அறை தேட ஆரம்பித்தான். ஜாலான் புசாரில் ஒரு கடைவீட்டு மாடியில் அறை கிடைத்ததும் முதல் வேலையாக விட்டத்தில் தொட்டில் ஸ்பிரிங் மாட்டினான். இங்கே சாரோங் என்கிற கைலித் துணியை அந்த ஸ்பிரிங்கில்தான் தொங்கவிடுவார்கள். பிள்ளை தானே ஆடிக்கொண்டு தூங்கும். வெறும் ஸ்பிரிங்கை இழுத்து இழுத்து விட்டுப் பார்ப்பான். ஆறடி ஆள் செய்கிற காரியமா அது என்று பக்கத்து அறைக்காரர்கள் சிரித்தார்கள்.

அடுத்த வருஷம் புரட்டாசியில் தாயும் பிள்ளையும் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினார்கள்.

அவர்கள் நடுக்கடலில் இருந்தபோது இங்கே ஆயுத பூஜை வந்தது. துறைமுகத் தமிழர்கள் எல்லாரும் தங்கள் மூட்டைக் கொக்கியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, சாமி படத்தின் முன்னால் அடுக்கிக் கும்பிட்டார்கள். பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் மறுபூஜை முடியும்வரை தொடக் கூடாது. அது அவர்கள் எல்லாருக்கும் பால்குடியிலிருந்து தெரிந்த விஷயம். ஆனால் அன்று சாயங்காலம் அவசரமாக ஒரு கப்பல் வந்து நின்றது. ஆள் போதவில்லை என்று கங்காணி வந்து கத்தினார். மற்றவர்கள் தயங்கினார்கள். பிள்ளை வருகிற சந்தோஷத்தில் இருந்தவனுக்கு எதுவும் தப்பாகத் தெரியவில்லை. குங்குமத்தோடு தன் கொக்கியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

சில நாள் கழித்துத் துறைமுகத்தில் போய் நின்றான். கப்பலிலிருந்து இறங்கி வந்தவர்களில் பூவம்மாவும் இருந்தாள். ஒரு தகரப் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள். இரண்டு கையும் பெட்டியில் இருப்பதைப் பார்த்தபோதே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"காய்ச்சல்ங்க," என்றாள் பூவம்மா. "கப்பல்ல சரஸ்வதி பூசை கும்பிட்டாங்க. அன்னைக்குப் பொழுதுபட. கடல்லயே விட்டுட்டாங்க."

அவ்வளவுதான் சொன்னாள். அவனும் அதற்கு மேல் கேட்கவில்லை. ஆனால் அதே நாள், அதே பொழுது என்பது அவன் நெஞ்சில் முள்ளாக ஏறிவிட்டது. பிள்ளையைத் தின்றது தன் கைதான் என்று முடிவு கட்டிக்கொண்டான். இதை யாரிடம் சொல்ல முடியும்? பெற்றவளிடமா? பதினோரு வருஷம் அவன் சொல்லவில்லை. அவளும் பிள்ளை எப்படி இருந்தது என்று அவனிடம் சொல்லவில்லை. பார்க்காத மனுஷனுக்கு ஏன் கூடுதல் வேதனை என்று அவள் நினைத்தாள். பட்டவளைக் கிளறக் கூடாது என்று அவன் நினைத்தான். இப்படி ஒருத்தரையொருத்தர் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டே இரண்டு பேரும் தனித்தனியாக வெந்தார்கள். விட்டத்து ஸ்பிரிங்கை மட்டும் இரண்டு பேருமே கழற்றவில்லை.

அதற்குப் பிறகு பூவம்மாவின் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. சின்ன வயதில் வந்த காய்ச்சல் இருதயத்தைக் கெடுத்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். அறுபத்திரண்டில் அவளுக்குக் கால் இரண்டும் வீங்கிவிட்டது. அறைக்கும் குழாயடிக்கும் நடந்தால் மூச்சு இரைத்தது. படுத்தால் மூச்சு முட்டும். இரவு முழுக்கத் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்குவாள். இனிச் செய்ய அதிகம் இல்லை என்பதை டாக்டர் அவனிடம் தனியாகச் சொன்னார். அவளிடம் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை.

அந்த வருஷம் புரட்டாசி பிறந்ததும் அவளே ஆரம்பித்தாள்.

"பூசை அன்னைக்கு அதோட திதிங்க. ஒரு வருசங்கூட நான் பால் ஊத்தல. கடலப் பாத்தாலே எனக்கு வயித்தப் பெரட்டும், அதான் போகல. இப்ப ஊத்தணும். என் கையால ஊத்தணும்."

"சரி," என்றான் செல்லக்கண்ணு.

நல்ல வேளையாக ஒலி முகம்மது, சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் பினாங்கு போவதற்காக மூன்று நாள் கடையை மூடினார். கடைப் பையன்களுக்கெல்லாம் விடுமுறை. ஆயுத பூஜைக்கு வருஷாவருஷம் பொரியும் கடலையும் வாங்கிக் கொடுப்பவர் அவர்தான். அந்த வருஷமும் மூட்டையாக இறக்கி வைத்துவிட்டுச் சாவியைச் செல்லக்கண்ணுவிடம் நீட்டினார்.

"வண்டிய வச்சுக்க. வீட்டுல பூவம்மாவ எங்கயாச்சும் காத்தாட கூட்டிட்டுப் போ. அடைஞ்சே கெடக்குது லா. ஒண்ணே ஒண்ணு, உப்புத் தண்ணி மட்டும் படக் கூடாது. பட்டுச்சுன்னா இரும்பு செத்துப் போயிரும். எனக்கு இந்த ஒரு வண்டிதான் கண்ணு."

"படாது மொதலாளி," என்றான்.

பூஜை அன்று காலை கடையின் பின்கட்டில் வண்டியைக் கழுவிப் பொட்டு வைத்தான். நாலு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி ஓட்டினான். எலுமிச்சை நசுங்கிவிட்டால் வண்டி கிளம்பலாம், குற்றமில்லை. ஆனால் வண்டியோடு எப்போதும் போகிற மண்வெட்டி, வடக்கயிறு, ஜாக்கி, சேற்றில் சக்கரத்துக்கு அண்டக் கொடுக்கிற இரண்டு பலகை எல்லாம் சாமி படத்துக்கு முன்னால் பூவும் பொட்டுமாக இருந்தன. கிளம்பும்போது அவன் அவற்றைப் பார்த்தான். மணலுக்குப் போகிறோமே, கயிற்றையாவது எடுத்துக்கொள்வோம் என்று குனிந்தான். கை பாதியிலேயே நின்றுவிட்டது. மற்றவனாக இருந்தால் இரண்டு தோப்புக்கரணம் போட்டுவிட்டு எடுத்திருப்பான். இவனால் முடியுமா? அதுவும் இந்த நாளில்? நிமிர்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டான்.

சிராங்கூன் ரோட்டுப் பால்காரரிடம் கறந்த பால் வாங்கிப் பித்தளைச் சொம்பில் ஊற்றி, வாயைத் துணியால் கட்டி, பூவம்மாவின் மடியில் வைத்தான். மாடிப்படியில் அவளை இறக்கவே வெகுநேரம் பிடித்தது. வண்டியில் நிமிர்ந்து உட்கார்ந்தபின் அவளுக்கு மூச்சு சமாதானமானது. தீவின் கிழக்குக் கோடியிலிருக்கும் சாங்கி வரைக்கும் வேடிக்கை பார்த்துக்கொண்டே வந்தாள். "இத்தன மரமா இந்த ஊர்ல," என்றாள். பதினோரு வருஷம் குடியிருந்தவள் சொன்ன பேச்சு அது.

சாங்கியில் தென்னந்தோப்புக்கு நடுவே கம்பம் என்கிற மலாய்க் கிராமத்து வழியாக மீன் லாரி போகிற தடம் ஒன்று கடற்கரைவரை இறங்கியது. தடம் முடிந்த இடத்தில் செல்லக்கண்ணு வண்டியை நிறுத்திப் பார்த்தான். கடலைக் காணோம். தண்ணீர் வற்றி எங்கேயோ வெகுதூரத்தில் பளபளத்தது. நடுவில் முழுக்க ஈர மணல். துறைமுகத்தில் ஆழக் கடலையே பார்த்துப் பழகியவன். கரையில் கடல் இவ்வளவு உள்வாங்கும் என்று யோசிக்கவில்லை. அவளோ அந்தத் தூரத்தில் பத்தில் ஒரு பங்குகூட நடக்க மாட்டாள்.

சிவப்புக் குமிழைப் பின்னால் இழுத்தான். வண்டி மெல்ல மணலில் இறங்கியது. மணல் கெட்டியாகத்தான் இருந்தது. சக்கரம் வரிவரியாகத் தடம் போட்டுக்கொண்டு போயிற்று. சின்ன நண்டுகள் விலகி ஓடின. பூவம்மா சிரித்தாள். அவள் சத்தம் போட்டுச் சிரித்து அவன் கேட்டே பல வருஷம் ஆகியிருந்தது. அந்தச் சிரிப்பில் அவனும் கொஞ்சம் மயங்கித்தான் போனான். மணலின் நிறம் கறுத்ததைக் கவனிக்கத் தவறிவிட்டான். தண்ணீருக்கு இன்னும் ஐம்பது அறுபது கஜம் இருக்கும்போது முன்சக்கரம் இரண்டும் புதைந்தன. பின்னால் எடுத்தான், பின்சக்கரமும் குழி பறித்துக்கொண்டு இறங்கியது. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். நாலு கால் இருந்தும் சறுக்கியது.

இறங்கிப் பார்த்தான். மண்வெட்டி இருந்தால் கால்மணி நேர வேலை. பலகை இருந்தால் அதுவும் வேண்டாம். இரண்டும் கடையில் பூவோடு இருந்தன. வெறுங்கையால் தோண்டினான், தோண்டத் தோண்ட ஈர மணல் சரிந்து மூடியது.

"நான் தூக்கிட்டுப் போறேன் வா," என்று அவளை அள்ளித் தூக்கினான். நாலு எட்டு வைப்பதற்குள் அவன் கால் முழங்கால்வரை புதைந்தது. மடங்கிய உடம்பில் அவளுக்கு மூச்சு அடைத்து உதடு நீலமாயிற்று. பயந்துபோய்த் திரும்பக் கொண்டுவந்து சீட்டில் நிமிர்த்தி உட்கார வைத்தான்.

"சொம்புல கடல் தண்ணிய மொண்டுட்டு வரேன் பூவு. அதுல ஊத்து."

அவள் மூச்சு திரும்பியதும் தலையை ஆட்டினாள். "எம்புள்ள சொம்புலயாங்க இருக்கு?"

அதற்குள் கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த மலாய் மீனவர்கள் ஐந்தாறு பேர் வந்துவிட்டார்கள். அதில் மூத்தவர், "ஆயர் நாயிக்," என்று கடலைக் காட்டினார். தண்ணீர் ஏற ஆரம்பித்துவிட்டது என்றார். எல்லாரும் சேர்ந்து இப்போதே கரைவரை பின்னால் தள்ளினால் வண்டி தப்பிக்கும். இன்னும் கொஞ்சம் போனால் யாராலும் முடியாது என்றார். செல்லக்கண்ணு தனக்குத் தெரிந்த சந்தை மலாயில், கரைக்கே தண்ணீர் எப்போது வரும் என்று கேட்டான். அங்கே வர இருட்டி வெகுநேரம் ஆகும் என்றார் அவர்.

விளக்கு வைத்த பிறகு பால் ஊற்றுவது வழக்கமில்லை. அவளால் அதுவரை உட்காரவும் முடியாது. அடுத்த வருஷம் என்ற பேச்சுக்கும் இடமில்லை. வண்டியைப் பார்த்தான். முதலாளி முகம் நினைவுக்கு வந்தது. பூவம்மா சொம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள், அன்றைக்குப் பெட்டியைப் பிடித்திருந்த மாதிரியே.

"துங்கு," என்றான் அவன் பெரியவரிடம். பொறுங்கள் என்று. "தண்ணீர் வரட்டும். இவள் கடலைத் தொட வேண்டும். தொட்ட பிறகு பார்த்துக்கொள்ளலாம்."

பெரியவர் அவனையும் பார்த்தார், அவள் காலையும் பார்த்தார். கூட வந்தவர்களிடம் ஏதோ சொன்னார். அவர்கள் கரைக்குத் திரும்பிப் படகு ஒன்றைத் தயார் செய்யப் போனார்கள்.

புருஷனும் பெண்டாட்டியும் முன்சீட்டில் உட்கார்ந்து கடலுக்காகக் காத்திருந்தார்கள். செய்ய வேறு வேலை இல்லை. அப்போதுதான் பூவம்மா பேச ஆரம்பித்தாள்.

"சுருட்டை முடிங்க அதுக்கு. உங்க அக்காவுக்கு இருக்கிற மாதிரி. எடது காதுக்குக் கீழ ஒரு மச்சம். நெல்லு உரிச்சு வச்ச மாதிரி ரெண்டு பல்லு வந்திருச்சு. கப்பல் ஊதுனா சிரிக்கும். எல்லாப் புள்ளைங்களும் அழும், இது மட்டும் சிரிக்கும்."

அவன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கேட்டான். பதினோரு வருஷமாக முகம் இல்லாமல் இருந்த பிள்ளைக்கு ஒவ்வொன்றாக முடி வந்தது, மச்சம் வந்தது, பல் வந்தது.

"கை வெரல் எப்படி?" என்று கேட்டான்.

"உங்களுது மாதிரிதான். நீட்ட நீட்டமா."

அவனுக்கு அழுகை வந்துவிட்டது. ஆறடி ஆள் குலுங்கி அழுதான். அழுகையோடு கொக்கியை எடுத்த கதையும் வெளியே வந்தது. பூஜையில் வைத்ததைத் தொட்டேன், அதே பொழுதில் போய்விட்டது, என் கைதான் என்றான். அதனால்தான் இன்றைக்கு மண்வெட்டியைக்கூட எடுக்கவில்லை என்றான்.

பூவம்மா வீங்கிய கையால் அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்தாள்.

"அடப் பைத்தியக்கார மனுசா," என்றாள். அவனை அவள் அப்படிச் சொன்னது அதுவே முதல் தடவை. "அதுக்கு முந்தின ராத்திரியே கண்ணு சொருகிருச்சுங்க. கப்பல்ல பாதி சனத்துக்கு அந்தக் காய்ச்சல். நீங்க கொக்கியத் தொட்டாலும் தொடாட்டியும் அது நிக்காது. இத்தன வருசம் இதையா தூக்கிட்டு அலைஞ்சீங்க? ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?"

தண்ணீர் முன்சக்கரத்தைத் தொட்டது. பின்வாங்கியது. மறுபடி வந்தபோது வண்டிக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் போயிற்று. சக்கரத்தில் வைத்த சந்தனம் கரைந்தது. அவன் கதவைத் திறந்து இறங்கி, அவளைச் சீட்டின் ஓரத்துக்கு நகர்த்திப் பிடித்துக்கொண்டான். அவள் வீங்கிய கால் இரண்டையும் தொங்கவிட்டாள். அலை பாதத்தை நனைத்தது. சொம்பின் துணியை அவிழ்த்து மெல்ல மெல்லப் பாலை ஊற்றினாள். வெள்ளையாக ஒரு கோடு நீரில் விரிந்து, வண்டியைச் சுற்றிக்கொண்டு போய்க் காணாமல் போயிற்று.

"குடிச்சுக்க ராசாத்தி," என்றாள். "அம்மா லேட்டாயிட்டேன்."

தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. தலைக்குமேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன? படகைக் கழி ஊன்றித் தள்ளிக்கொண்டு மீனவர்கள் வந்தார்கள். வண்டிக் கதவோடு அணைத்து அவளை உட்கார்ந்தவாக்கிலேயே ஏற்றிக்கொண்டார்கள். வண்டியைத் தள்ளிப் பார்த்தார்கள். அசையவில்லை. பொழுது சாயும்போது பச்சைக் கூரையின் விளிம்பு மட்டும் தெரிந்தது.

பினாங்கிலிருந்து திரும்பிய ஒலி முகம்மது, லாரி வைத்து இழுத்துக் கரையேற்றிய வண்டியை வந்து பார்த்தார். எஞ்சினைத் திறந்தார், உப்பு பூத்திருந்தது. "சொன்னேனே லா," என்றார். ஏன் இறக்கினாய் என்று கேட்டார். பழையபடி ஆணிதான். "தப்பு என்னுதுதான் மொதலாளி," என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை. பிள்ளை விஷயத்தை வெளி ஆளிடம் பேசி அவனுக்குப் பழக்கமில்லை. அவர் கையை நீட்டினார். அவன் சாவியைக் கொடுத்தான். மறுநாளிலிருந்து கிடங்கில் கம்பி தூக்கினான். முதுகு பழைய இடத்துக்கே திரும்பிப் போனது.

தீபாவளிக்குச் சில நாள் முன்பு பூவம்மா போய்விட்டாள். உட்கார்ந்தபடியே, தலையணையில் சாய்ந்தபடியே. அந்தக் கடைசி நாட்களில் இருவரும் பிள்ளையைப் பற்றி மட்டும்தான் பேசினார்கள். இருந்திருந்தால் இப்போது எந்த வகுப்பு, யார் ஜாடை, சுருட்டை முடிக்குச் சடை நிற்குமா என்றெல்லாம். பதினோரு வருஷத்துப் பேச்சை அந்தச் சில வாரத்துக்குள் முடிக்க முடியவில்லை.

சாம்பல் கரைக்கிற அன்று ஒலி முகம்மது லாரி பிடித்துக் கொடுத்துத் தானும் கூடவே வந்தார். சாங்கியில் படகும் சொல்லி வைத்திருந்தார். செல்லக்கண்ணு படகில் ஏறவில்லை. கலயத்தை அணைத்துக்கொண்டு, வற்றிக் கிடந்த மணலில் நடந்து போய், ஓரிடத்தில் உட்கார்ந்துவிட்டான். துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று கூட வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். முதலாளிதான் செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்னாலேயே போனார்.

"என்னப்பா, படகு நிக்குதுல்ல."

"வேணாம் மொதலாளி. தண்ணி இங்கயே வரும். அவளுக்கு இந்த எடந்தான் தெரியும்."

ஒலி முகம்மது சுற்றிலும் பார்த்தார். வண்டியை இழுத்த இடம் என்று அவருக்கு விளங்கியது.

"அன்னைக்கு என்னாத்துக்குக் கண்ணு இங்க கொண்டாந்த? இப்பவாச்சும் சொல்லு."

"எங்க புள்ளைக்குப் பால் ஊத்த," என்றான் செல்லக்கண்ணு. "கப்பல்ல வரும்போது கடல்ல போயிருச்சு. பொண்ணு."

அவர் அந்த ஈர மணலிலேயே அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். வெள்ளைச் சாரோங். உப்புத் தண்ணீர் மெதுவாக ஏறி வந்து அதன் கரையை நனைத்தது, அவர் எழுந்திருக்கவில்லை.

தண்ணீர் இடுப்பளவு வந்ததும் செல்லக்கண்ணு கலயத்தைச் சாய்த்தான். பிள்ளையின் பெயரை அவன் இதுவரை வாய்விட்டுக் கூப்பிட்டதே இல்லை. அன்றைக்குத்தான் கூப்பிட்டான்.

"சந்திரமதி, அம்மாவுக்கு நடக்க முடியாது. நீ வந்து கூட்டிட்டுப் போம்மா."